பாதம் காக்கும் காலணி: பெங்களூரிலிருந்து பனிமலை வரை

புதுதில்லி: பெங்களூரு ஆஸ்டின் டவுனில் மார்கழிக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும். அந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி செல்சியஸ்தான். அதுவும் 1884 ஜனவரியில். ஆனால், தென்மாநில இளைஞர்களைச் சேர்க்கும் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவின் மையம் அதே நகரின் அல்சூரில்தான் உள்ளது. அங்கு பயிற்சி பெறுவோரில் பலர், பின்னர் லடாக் பனியில் நிற்க நேரிடுகிறது.

குளிர் முதலில் தாக்குவது விரல்களை. ஈரமும் குளிரும் சேரும்போது தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; திடீரென வெப்பம் பட்டதும் சிவந்த அல்லது கருநீல வீக்கம், அரிப்பு, எரிச்சல் தோன்றுகின்றன. சில்பிளெயின் எனப்படும் இந்தக் குளிர்வீக்கத்துக்கு உறைபனி தேவையில்லை. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் ஆறிவிடும். தோல் வெளுத்து, மரத்து, இறுகினால் அது பனிக்கடி. திசுவே உறையும் அந்நிலையில் தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும்.

குளிர்வீக்கம் கண்டவர் நெருப்பில் கால் காட்டக் கூடாது, சொறியக் கூடாது. ஈரத்தைத் துடைத்து, மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். புண்ணானாலோ, மீண்டும் மீண்டும் வந்தாலோ மருத்துவரை அணுக வேண்டும். பனிக்கடிக்குப் பனியால் தேய்ப்பது பெருந்தீங்கு. உலர்ந்த காலுறை, இறுக்கமில்லாத காலணி, புகை தவிர்த்தல் ஆகியவையே தடுப்பு முறைகள்.

அந்தக் காலணியே கிடைக்காவிட்டால்? 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் தாக்கலான மத்திய தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை இக்கேள்வியைத்தான் எழுப்பியது. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை உயர்மலை வீரர்களுக்குப் பன்னோக்குக் காலணிகள் வழங்கப்படவில்லை. பழையவற்றையே சீரமைத்து அணிய நேர்ந்தது. கொள்முதலில் நான்கு ஆண்டுகள் வரை தாமதம் ஏற்பட்டது என்றும் அது சுட்டிக்காட்டியது.

தில்லியில் உள்ள பாதுகாப்பு உடலியங்கியல் ஆய்வு நிறுவனம் பனிக்கடிக்கெனக் களிம்பு உருவாக்கியுள்ளது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் களிம்பு, காயத்துக்குப் பிந்தைய மருந்து; காலணியோ காயமே வராமல் காப்பது. வீரர் தம் பாதத்தைப் பேணலாம். கோப்பு நகர்வதை அவர் விரைவுபடுத்த முடியாது. அப்பொறுப்பு அமைச்சகத்துடையது, அதைக் கேட்கும் கடமை, ஆஸ்டின் டவுன் மக்களும் வாக்களித்து அனுப்பும் உறுப்பினர்களுடையது.