மினுக்கமும் ஓர் அளவே

இடுப்பு மூட்டுத் தேய்ந்து, செயற்கை மூட்டுப் பொருத்திக்கொண்ட பெரியவர்கள் புலம்பெயர்ந்த எம்மவர் குடும்பங்களிலும் இருக்கின்றனர். "உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள்?" என்று பிள்ளைகள் வினவினால், "இரும்பு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த உலோகத்தின் மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பானது என்பதும் மூட்டின் ஆயுளை நிர்ணயிக்கின்றது. மருத்துவ உலகமே இதனைக் கசப்பான அனுபவத்தின் வாயிலாகத்தான் கற்றுக்கொண்டது.

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள எக்சிற்றர் நகரில், சத்திரசிகிச்சை நிபுணர் றொபின் லிங், பொறியியலாளர் கிளைவ் லீ ஆகிய இருவரும் வடிவமைத்த இடுப்பு மூட்டு 1970 இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. தொடை எலும்பின் உட்குழலில் சீமெந்து எனப்படும் ஒருவகைப் பசையை இட்டு, அதனுள் துருவேறா உருக்குத் தண்டு ஒன்றைச் செருகுவார்கள். கீழ்நோக்கி ஒடுங்கிய அத்தண்டு கண்ணாடிபோல் மினுக்கப்பட்டிருந்தது. 1976 இல் அந்த மினுக்கம் கைவிடப்பட்டு, ஒளி மழுங்கிய தண்டுகள் வெளிவரலாயின. மினுக்கம் வெறும் தோற்றத்தைச் சார்ந்தது, அதனால் பெரிதாக எதுவும் மாறிவிடாது என்றே அன்று கருதப்பட்டது.

மாறியது. ஆண்டுகள் செல்லச் செல்ல, மழுங்கிய தண்டைப் பெற்றவர்களிடையே தண்டு தளர்வதும் எலும்பு அரிக்கப்படுவதும் முன்னையவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டன. மினுக்கிய தண்டு உடற்பாரத்தினால் பசைக்குள் சிறிது சிறிதாக இறங்கி ஆப்புப்போல இறுகிக்கொள்கின்றது. மழுங்கிய தண்டோ அசையும்போதெல்லாம் அரம்போலப் பசையை அராவித் துகள்களை உதிர்க்கின்றது. அத்துகள்களை எதிர்த்துப் போராட முனையும் உடல், தன் எலும்பையே கரைத்துவிடுகின்றது. 1986 இல் மினுக்கிய தண்டு மீண்டும் கொண்டுவரப்பட்டது. ஆயினும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் மழுங்கிய தண்டைப் பெற்றவர்களிற் பலர் மீண்டும் சத்திரசிகிச்சை மேசையிற் படுக்க நேர்ந்தது.

"மினுக்கியது", "மழுங்கியது" என்பன சொற்கள். அவற்றை எண்களாக மாற்றும் கருவி அதற்கு வெகுமுன்னரே இருந்தது. லெஸ்ரர் நகரின் டெயிலர் ஹொப்சன் நிறுவனம் 1941 இல் டாலிசர்ப் என்ற கருவியை உருவாக்கியது. கிராமபோன் ஊசி இசைத்தட்டின்மேல் ஓடுவதுபோல, நுண்ணிய வைர ஊசியொன்று பரப்பின்மேல் இழுத்துச் செல்லப்படுகின்றது. ஊசியின் ஏற்ற இறக்கம் மின்சமிக்ஞையாகப் பெருப்பிக்கப்படும். நடுக்கோட்டிலிருந்து மேடுகளும் பள்ளங்களும் சராசரியாக எவ்வளவு விலகியுள்ளன என்று கணித்தால் கிடைப்பது "ஆர்.ஏ." எனப்படும் எண். இதன் அலகு மைக்ரோமீற்றர், அதாவது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. எக்சிற்றரின் மினுக்கிய தண்டுக்கு இவ்வெண் ஏறத்தாழ 0.02, மழுங்கியதற்கு ஏறத்தாழ 1. ஐம்பது மடங்கு வேறுபாடு!

விரலால் தடவிப் பார்ப்பது பயனற்றது என்று எவரும் எண்ணிவிடலாகாது. மனித விரல் ஒரு மைக்ரோமீற்றரின் நூறில் ஒரு பங்கையொட்டிய சுருக்கங்களையும் உணரவல்லது என்பதை 2013 இல் ஸ்ரொக்கோம் ஆய்வாளர்கள் காட்டினர். ஆனால் ஒருவரின் விரல் உணர்ந்ததை இன்னொருவர் ஏட்டில் சரிபார்க்க இயலாது.

எண்ணுக்கும் ஒரு குறையுண்டு. சராசரி என்பது எப்போதுமே சிலவற்றை மறைக்கும். மூட்டின் மேற்புறத்தில் பிளாஸ்ரிக் கிண்ணத்தினுள் சுழலும் உலோகப் பந்தின் ஆர்.ஏ. 0.05 மைக்ரோமீற்றரைத் தாண்டலாகாது என்பது சர்வதேச தர விதி. பந்து அவ்விதிக்கு அமைந்திருக்கலாம். அதில் ஒரேயொரு கீறலும் இருக்கலாம். அந்த ஒரு கீறல் சராசரியை அசைக்காது. ஆனால் கீறலின் இரு கரைகளிலும் உலோகம் பிதுங்கி, வயலில் ஏர் ஓடிய சாலின் ஓரத்து மண்போல எழுந்து நிற்கும். குறுக்கே அமைந்த இத்தகைய ஒற்றைக் கீறலே பிளாஸ்ரிக்கின் தேய்வைப் பன்மடங்காக்கும் என்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் டங்கன் டௌசன் குழுவினர் 1987 இல் வெளியிட்டனர். ஆகவே இன்று மிக உயர்ந்த மேட்டின் உயரம், மேடு அதிகமா பள்ளம் அதிகமா என்பவற்றையும் தனித்தனியே அளக்கின்றனர். மென்மையான பிளாஸ்ரிக்கை வைர ஊசியே கீறிவிடக்கூடும் என்பதால், தொடாமலே அளக்கும் முறையும் வந்துள்ளது: பரப்பிலிருந்து திரும்பும் ஒளியை இன்னோர் ஒளிக்கற்றையுடன் சேர்த்து, அப்போது தோன்றும் வரிகளிலிருந்து உயரங்களைக் கணிக்கின்றனர். ஊசி ஒரு கோட்டை மட்டுமே காண, ஒளி ஒரு பரப்பு முழுவதையும் காண்கின்றது.

இந்த எண்கள் நோயாளியின் கையில் தரப்படுவதில்லை. ஆனால் அவற்றைத் தேடிச் செல்வதற்கான வழி தரப்படுகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே மாதம் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, உடலினுட் பொருத்தப்படும் இத்தகைய மூட்டுகளுக்கு அட்டையொன்று வழங்கப்படல் வேண்டும். உற்பத்தியாளர் பெயரும், மாதிரியும், தொடரிலக்கமும் அல்லது தொகுதி இலக்கமும் அதிலிருக்கும். பின்னொரு நாளில் ஒரு தொகுதியின் மேற்பரப்பிற் பிழை கண்டறியப்பட்டால், அந்த இலக்கத்தைக் கொண்டே உரியவர்களைத் தேடுவர். மொழி புரியாத பெற்றோர் மருந்துச் சிட்டைகளோடு இந்த அட்டையையும் வீசிவிடுவதுண்டு. கடவுச்சீட்டை வைக்கும் இடத்திலேயே அதனையும் வைத்துவிடுவது பிள்ளைகளின் வேலை.