அடுப்படியில் ஒரு கண் இருக்கட்டும்

கிடுகுக் கொட்டிலில் தீப்பிடித்தால் அணைக்க நேரம் கிடைப்பதில்லை. சில நிமிடங்களில் கூரை எரிந்து, பக்கத்துக் கொட்டிலுக்கும் பரவிவிடும். இடம்பெயர்ந்த குடும்பத்திற்கு மிஞ்சிய காணி உறுதியும் அடையாள அட்டையும் விதைநெல்லும் அதற்குள்தான் இருக்கின்றன.

ஈரவிறகு அதிகம் புகையும். அப்புகை புகைபோக்கியின் உட்புறத்திலும் கூரையிலும் கரியாகப் படியும். அதில் ஒரு பொறி பட்டாலே போதும், பற்றிக்கொள்ளும். எனவே விறகை வெயிலில் நன்கு காயவிடுங்கள். கரியை அடிக்கடி தட்டித் துப்புரவு செய்யுங்கள். புகைபோக்கித் தகரம் கிடுகில் முட்டக்கூடாது. அடுப்புக்கு மேல் பரணில் விறகு அடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுவோம்.

மூன்று கல் அடுப்பானால், சுற்றிவரக் களிமண் வரம்பு கட்டுங்கள். 1980களில் நம் நாட்டில் அறிமுகமான 'அனகி' களிமண் அடுப்பில் ஒரே தீயில் இரண்டு பானை வேகும். தீயும் உள்ளே அடங்கி எரியும், விறகும் மிச்சம்.

எரியும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். படுக்குமுன் கொள்ளிகளை வெளியே எடுத்து நீர் தெளித்து அணையுங்கள். ஒரு வாளி நீரும் ஒரு வாளி மணலும் அருகில் இருக்கட்டும்.

யாருக்கேனும் தீ சுட்டால் பற்பசை, எண்ணெய் பூசவேண்டாம். 20 நிமிடம் சுத்தமான குளிர்நீர் ஊற்றிய பின் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

உறுதியையும் அட்டைகளையும் இன்றே ஒரு பையில் இட்டு, வாசலருகே மாட்டிவையுங்கள்.