பாம்பு அல்ல, பைத்தான்

போன பொங்கலுக்கு நம் சங்க விருந்தின் கூப்பன் கணக்கு என் தலையில் விழுந்தது. பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள், "நான் பைத்தான்ல ஒரு புரோகிராம் எழுதித் தரேன்ப்பா" என்றாள். இருபது வருஷமாக ஜாவாவில் குப்பை கொட்டுகிறவன் நான். "அதெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சி.பி.எஸ்.இ. கம்ப்யூட்டர் பாடத்தில் முன்பு சி++ இருந்த இடத்தில் இன்று இருப்பது பைத்தான்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் படிப்பதால் பெற்றோரும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

இதை உருவாக்கியவர் கிடோ வான் ராசம் என்ற ஹாலந்துக்காரர். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகத் தொடங்கி 1991-ல் வெளியிட்டார். ஜாவா வெளிவந்ததே 1995-ல். நான் சின்னப் பிள்ளை என்று நினைத்தது ஜாவாவுக்கு மூத்தது! பெயரும் பாம்பைப் பார்த்து வைத்ததல்ல, பி.பி.சி.யின் 'மான்ட்டி பைத்தான்' என்ற நகைச்சுவைத் தொடரிலிருந்து எடுத்தது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சமையலறை டப்பாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஜாவாவில் டப்பாவுக்கு முதலிலேயே லேபிள் ஒட்டவேண்டும்: இது எண், இது எழுத்து என்று. பருப்பு டப்பாவில் சர்க்கரையைக் கொட்டப்போனால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே தடுத்துவிடும். பைத்தானில் டப்பாவுக்கு லேபிள் கிடையாது. உள்ளே இருக்கும் சாமானே தான் இன்னதென்று சொல்லும்; காலையில் பருப்பு, மாலையில் சர்க்கரை. அதனால் எழுதுவது மிகக் குறைவு. 'வணக்கம்' என்று திரையில் காட்ட, நான் படித்த ஜாவாவில் கிளாஸ், பப்ளிக், ஸ்டாட்டிக், வாய்டு என்று ஐந்து வரி. இதில் ஒரே வரி. 2008-ல் வந்த பைத்தான் 3-ல் டப்பாக்களின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். மகள் 'விலை', 'தொகை' என்றே எழுதியிருந்தாள். உள்ளூர மகிழ்ச்சிதான், காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் லேபிள் இல்லாததன் வினையும் அன்றே தெரிந்தது. கூப்பன் 150 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு 4 வேண்டும். திரையில் வந்த தொகை 150150150150! கீபோர்டில் தட்டுவதைப் பைத்தான் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளும். எண்ணிக்கையை எண்ணாக மாற்றியவள், விலையை மாற்ற மறந்துவிட்டாள். எழுத்தை நாலால் பெருக்கச் சொன்னால் நாலு தரம் எழுதிக் காட்டும், தப்பென்றே சொல்லாது. ஜாவாவாக இருந்தால் ஓடவே விட்டிருக்காது.

"பார்த்தியா?" என்றேன். பதில் சொல்லாமல் 'இன்ட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். 600 வந்தது.

பலர் கைபட்டு, வருஷக்கணக்கில் ஓடவேண்டிய வங்கிக் கணக்கு என்றால் இன்றும் நான் ஜாவாவைத்தான் கேட்பேன். பெரிய சுழற்சிக் கணக்குகளில் வேகமும் அதற்கு அதிகம். நம் சங்கத்துக் கூப்பனுக்கு அந்த வேகம் எதற்கு? பைத்தான் இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்.

வரும் பொங்கலுக்கும் கணக்கு அவளிடமே. நோட்டுப் புத்தகத்தில் ஒரு தரம் கூட்டிச் சரிபார்க்கும் வேலை மட்டும் எனக்கு.