செவ்வாயில் ஒரு பூட்டு

1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் காற்றுப்பைகள் சூழச் செவ்வாயில் விழுந்து, துள்ளி, உருண்டு நின்றது. அதிலிருந்து சோஜர்னர் என்ற ஆறு சக்கர ரோபோ இறங்கியது. எடை பத்துக் கிலோ சொச்சம். சில நாட்களில் தாய்க்கலத்தின் கணினி அவ்வப்போது தானாகவே அணைந்து மறுபடி தொடங்கத் தலைப்பட்டது. சேகரித்த தரவு அழியவில்லை. ஆனால் அன்றைக்கு மிச்சமிருந்த வேலைகள் மறுநாளைக்குத் தள்ளிப்போயின.

அந்தக் கணினியில் ஒரே செயலி. அதைப் பல பணிகள் முன்னுரிமைப்படி பகிர்ந்துகொண்டன. கருவிகளுக்கிடையே தகவலை எடுத்துச்செல்லும் பணிக்கு உயர்ந்த இடம், வானிலைத் தரவைத் திரட்டும் பணிக்குத் தாழ்ந்த இடம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு மென்பொருள் பூட்டு இருந்தது. ஒருவர் பூட்டியிருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும்.

ஒற்றைவழிப் பாலத்தின் முனையில் மாட்டுவண்டி நிற்கிறது, அதன் பின்னால் ஆம்புலன்ஸ். எதிரே குறுக்குச் சாலையில் பேருந்துகள் ஓய்வில்லாமல் போகின்றன. அவை ஆம்புலன்ஸுக்கு வழிவிடும், வண்டிக்கு விடாது. செவ்வாயிலும் இதுதான் நடந்தது. வானிலைப் பணி பூட்டைப் பிடித்திருக்கையில் இடைத்தரப் பணிகள் செயலியை எடுத்துக்கொண்டன. முக்கியமான பணி குறித்த நேரத்துக்குள் முடியாததைக் கண்ட கண்காணிப்பு நிரல், ஏதோ பெரிய கோளாறு என்று கணினியையே மீட்டமைத்தது.

கலிஃபோர்னியாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் க்ளென் ரீவ்ஸ் தலைமையிலான மென்பொருள் குழு, கலத்தின் நகலில் அதே வேலைகளை ஓடவிட்டது. 18 மணி நேரத்துக்குள் கோளாறு தலைகாட்டியது. ஏவுவதற்கு முன்பே சோதனைகளில் இது எட்டிப்பார்த்திருந்தது. அப்போது காரணம் பிடிபடவில்லை. இம்முறை பிடிபட்டதற்குக் காரணம், பிழை தேடும் பதிவு வசதிகளை அகற்றாமல் அப்படியே விண்ணுக்கு அனுப்பியிருந்ததுதான். இடமும் நேரமும் மிச்சமாகட்டும் என்று இவற்றை வெட்டிவிடும் வழக்கம் எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

தீர்வும் தயாராகவே இருந்தது. பூட்டை வைத்திருக்கும் பணிக்கு, அதற்காகக் காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாக இரவல் கொடுக்க வேண்டும். மாட்டுவண்டி பாலத்தை விட்டு இறங்கும்வரை ஆம்புலன்ஸின் உரிமை அதற்கு. விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் இந்த வசதி இருந்தும், அந்தப் பூட்டுக்கு அது முடுக்கப்படவில்லை. பூமியிலிருந்து ஒரு சின்னத் திருத்தம் போனது, கோளாறு நின்றது. ஏழு நாளுக்கென்று வடிவமைத்த சோஜர்னர் செப்டம்பர் இறுதிவரை உழைத்தது.

முன்னுரிமையை இரவல் கொடுக்கும் இந்த முறையைக் கணித நிரூபணத்தோடு 1990இல் வெளியிட்ட மூவர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. ராஜ்குமார் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். அவருடைய குழு உருவாக்கிய தானியங்கிக் கார் 2013இல் பிட்ஸ்பர்க் விமான நிலையம்வரை ஏறத்தாழ 53 கிலோமீட்டரைப் பொதுச் சாலையில், மற்ற வண்டிகளோடு கலந்து கடந்தது. அந்தக் காரிலும் பிரேக் பிடிக்கும் பணி வேறெதற்காகவும் காத்துக்கிடக்கக் கூடாது.