ஹாக்கித் துணைப் பயிற்சியாளர்: பணியும் படிநிலையும்

2021ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் இந்திய ஆடவர் ஹாக்கி அணி வெண்கலப் பதக்கம் வென்றது. 1980ஆம் ஆண்டு மாஸ்கோவில் தங்கம் வென்ற பின்னர், 41 ஆண்டுகள் கழித்துக் கிட்டிய ஒலிம்பிக் பதக்கம் அது. அவ்வணி நெடுங்காலம் பயிற்சி பெற்ற இடம் பெங்களூருவில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையமாகும். தலைமைப் பயிற்சியாளர் கிரகாம் ரீடின் பெயரை நாடே அறிந்தது. அவருக்குத் துணைநின்ற பியூஷ் துபே, சிவேந்திர சிங் ஆகியோரை அறிந்தோர் சிலரே.

துணைப் பயிற்சியாளரின் பணி தலைமைப் பயிற்சியாளருக்கு எடுபிடியாக இருப்பதன்று. இன்றைய ஹாக்கி ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடைபெறுகிறது. ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமாயினும் மாற்றலாம். யாரை எப்போது களமிறக்குவது எனக் கணக்கிடுதல், பெனால்டி கார்னர் வாய்ப்புகளுக்குத் தனிப்பயிற்சி அளித்தல், கோல்காப்பாளரைப் பழக்குதல், எதிரணியின் ஆட்டத்தை ஒளிப்பதிவில் கண்டு ஆராய்தல் ஆகியவை பெரும்பாலும் துணைப் பயிற்சியாளரின் பொறுப்பில் அமைகின்றன. 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை புகுந்தது முதல் ஆட்டத்தின் வேகம் கூடியது. அதனோடு இப்பணிகளின் நுட்பமும் கூடியது.

இத்துறைக்கு முறையான கல்வியும் உண்டு. 1961ஆம் ஆண்டு பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1984ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இந்திய விளையாட்டு ஆணையத்துடன் அது 1987ஆம் ஆண்டு இணைக்கப்பட்டது. அங்குப் பெறும் பயிற்சிப் பட்டயம் இத்தொழிலின் நுழைவாயிலாகக் கருதப்படுகிறது. சிறந்த பயிற்சியாளர்களைப் போற்றும் துரோணாச்சாரியார் விருது 1985ஆம் ஆண்டு நிறுவப்பட்டது.

துணைப்பணியிலிருந்து உயர்வு பெறுதலும் இயல்வதே. நெதர்லாந்து நாட்டின் யானெக் ஸ்கோப்மன் டோக்கியோவில் இந்திய மகளிர் அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தார். அவ்வணி நான்காம் இடம் பெற்ற அதே ஆண்டில் தலைமைப் பயிற்சியாளரானார். சிவேந்திர சிங்கிற்கு 2023ஆம் ஆண்டின் துரோணாச்சாரியார் விருது வழங்கப்பட்டது. பெங்களூருவைச் சேர்ந்த ஜூட் ஃபெலிக்ஸ், முன்னாள் இந்திய அணித் தலைவர். தேசிய அணியின் பயிற்சிக் குழுவிலும் பணியாற்றியவர். வசதியற்ற சிறுவர்களுக்காகத் தம் நகரிலேயே பயிற்சிக்கழகம் ஒன்றை நடத்தியவர். அவருக்கு 2020ஆம் ஆண்டு அவ்விருது வழங்கப்பட்டது.

ஆனால் தேசிய அணிக்குக் கீழே, கல்லூரி நிலையில் இந்த ஏணிக்குப் படிகள் குறைவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகள் உடற்கல்வி இயக்குநர், துணை இயக்குநர், உதவி இயக்குநர் ஆகியோருக்குத் தகுதி வகுத்துள்ளன. குறிப்பிட்ட ஒரு விளையாட்டுக்கான துணைப் பயிற்சியாளர் என்னும் பதவி அவ்வரிசையில் இல்லை. எனவே ஹாக்கி அணியை வளர்க்கும் பொறுப்பு பல விளையாட்டுகளைக் கவனிக்கும் ஒருவர் மீதோ, பருவத்துக்கு மட்டும் அமர்த்தப்படுபவர் மீதோ விழுகிறது. அமெரிக்காவிலோ, பெரிய பல்கலைக்கழகங்களின் மகளிர் ஹாக்கி அணிகளில் துணைப் பயிற்சியாளர் ஊதியம் பெறும் முழுநேரப் பணியாளராக உள்ளார்.

இதன் விளைவு பொருளாதார நோக்கில் கருதத்தக்கது. ஓர் ஆட்டக்காரர் உருவாகப் பல ஆண்டுகள் தேவை. பயிற்சியாளரின் பணியோ ஒரு பருவத்தோடு முடிகிறது. மாணவரின் குறைநிறைகளை அறிந்தவர் விலகும்போது அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியுள்ளது. ஆடுகளமும் செயற்கைப் புல்தரையும் அமைக்கப் பெருந்தொகை செலவாகிறது. அக்களத்தில் கற்பிப்பவருக்கு நிலையான பணி இல்லாவிடின் அம்முதலீட்டின் பயன் குறைந்துவிடும்.

ஆகவே பல கல்லூரிகள் சேர்ந்து ஒரு துணைப் பயிற்சியாளரை நிலையாக அமர்த்துதல், பட்டயம் பெற்றோருக்குப் பதவி உயர்வு வரிசை வகுத்தல் ஆகிய வழிகள் ஆராயத்தக்கவை. பதக்கம் வெல்லும் அணி தேசிய முகாமில் செப்பனிடப்படுகிறது. அது முளைவிடுவது கல்லூரி மைதானத்திலேயே.