குறி பார்ப்போரைப் பார்க்கும் முறை

விளையாட்டுகளுள் துப்பாக்கி சுடும் போட்டியைப் போலத் தொலைக்காட்சிக்கு அடங்காதது பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே. உதைபந்தாட்டத்திலே பந்து ஓடுகின்றது. எமது கண்ணும் அதனுடன் ஓடுகின்றது. ஓட்டப் போட்டியில் முந்தியவர் யார் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். குறிசுடும் களத்திலோ ஒருவர் அசையாது நிற்கின்றார், பின்னர் ஒரு சிறு ஓசை, அவ்வளவே. அசையாதிருத்தலே இங்கு ஆற்றல். அதனைக் காட்டும் வகையைக் கமரா இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

பத்து மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். றைபிள் பிரிவில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் அகலமே உடையது. இறுதிச் சுற்றில் ஒவ்வொரு சூடும் பத்திலொரு பங்குவரை அளக்கப்படும். ஒரு சூட்டுக்கு உயர்ந்த பேறு 10.9. வீரரது நெஞ்சின் துடிப்பும் துப்பாக்கி முனையை அசைக்க வல்லது. அந்த அசைவை அடக்கும் போராட்டமே போட்டியின் உயிர். ஒளிபரப்பாளரோ அவ்வேளையில் முகத்தைக் காட்டுகின்றனர்; அடுத்த கணம் இலக்கில் விழுந்த புள்ளியைக் காட்டுகின்றனர். விடை மட்டும் எழுதிச் செய்கையைக் காட்டாத கணக்கைப் போன்றது இது. கணித ஆசிரியர் எவரும் இதற்கு முழுப்புள்ளி வழங்கார்.

செய்கை மறைந்தவிடத்துத் தோற்றமே பெரிதாகிவிடுகின்றது. 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் துருக்கி நாட்டவரான யூசுப் டிக்கெச், தம் தோழி செவ்வால் இலாய்தா தர்ஹானுடன் கலப்பு இரட்டையர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒரு கையைச் சட்டைப்பையிலிட்டு, சாதாரண மூக்குக்கண்ணாடியுடன் அவர் நின்ற படம் உலகெங்கும் பரவியது. கருவி எதுவுமின்றிச் சுட்டவர் என்று பலரும் வியந்தனர். ஆயின் அவர் காதடைப்பான் அணிந்திருந்தார். சட்டைப்பையிற் கையிடுதலும் உடலை நிலைப்படுத்தப் பலர் கையாளும் வழக்கமே. மற்றையோர் அணியும் விசேட கண்ணாடிகளும் இலக்கைப் பெரிதாக்கிக் காட்டுவன அல்ல, பார்வையைத் தெளிவாக்குவனவே. அவ்விணையரை வென்று தங்கம் பெற்ற சேர்பிய இணையரின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

தென் கொரியாவின் கிம் யேஜியும் அவ்வாறே ஒரு சிறு காட்சியினாற் புகழெய்தினார். பாரிஸில் பத்து மீற்றர் போட்டியில் அவர் வெள்ளி வென்றார். ஆயின் இருபத்தைந்து மீற்றர் போட்டியிலே ஒரு சூட்டைக் குறித்த நேரத்துள் சுடத் தவறியமையால், அதற்குப் பூச்சியம் பெற்று இறுதிச் சுற்றை எட்டாது போயினார். கலங்காத முகத்தைக் கண்டு மகிழ்ந்தோர் பலர். அம்முகத்தின் பின்னே நொடிகள் கரைந்தோடுவதை உணர்ந்தோர் சிலரே.

கண்ணை மட்டும் நம்பும் பார்வையாளருக்கு 2004 இல் ஏதென்ஸில் நிகழ்ந்தது பெரும் பாடம். ஐம்பது மீற்றர் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சூட்டுக்கு முன் அமெரிக்கரான மத்தியூ எமன்ஸ் ஏறத்தாழ மூன்று புள்ளிகள் முன்னின்றார். எளிய சூடொன்றே தங்கத்துக்குப் போதும். அவர் சுட்டார், திரையிலோ புள்ளி எதுவும் தோன்றவில்லை. அடுத்தவரின் இலக்கையே அவர் சுட்டிருந்தார். தமது இலக்கில் விழுந்திருந்தால் அக்குண்டு தங்கத்தைத் தந்திருக்கும். பூச்சியம் பெற்று எட்டாமிடத்துக்கு இறங்கினார். சீனரான ஜியா சான்போ தங்கம் வென்றார். வழக்கமாக இலக்கின் எண்ணைப் பார்த்தபின் நடுப்புள்ளிக்கு இறங்கும் எமன்ஸ், அன்று மனத்தை அமைதிப்படுத்துவதிலேயே கருத்தூன்றி, எண்ணைப் பாராது விட்டார்.

துரோணர் வைத்த பரீட்சையிற் பறவையின் கண்ணை மட்டும் கண்டவன் அருச்சுனன். ஒருமுகப்பட்ட மனத்துக்கு அதனை எடுத்துக்காட்டாகக் கூறி மாணவரை ஊக்குவது எம்மவர் வழக்கம். ஏதென்ஸ் நிகழ்ச்சியோ அப்பாடத்துக்கு இன்னொரு வரி சேர்க்கின்றது: கண்ணைக் காணுமுன் அது எந்தப் பறவையின் கண் என்பதையும் அறிதல் வேண்டும். பரீட்சை மண்டபத்தில் வினாவைச் சரிவர வாசியாது அழகிய விடை எழுதும் மாணவனும் பிறர் இலக்கையே சுடுகின்றான்.

ஒளிபரப்பாளர் செய்யக்கூடியது உண்டு. துப்பாக்கி முனை இலக்கின் மீது அலையும் வழியைக் கோடாக வரைந்து காட்டும் கருவிகள் பயிற்சிக் கூடங்களில் உள்ளன. 2021 இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக் விழாவில் வில்வித்தை வீரரின் இதயத்துடிப்பு எண்ணிக்கை திரையிற் காட்டப்பட்டது. இவை இரண்டும் ஒரு திரையில் இணையுமாயின், அசையாமைக்குள் நிகழும் போரை வீட்டிலிருப்போரும் காண்பர். விமர்சகரும் குறி பார்க்கும் வேளையில் வாய்மூடியிருத்தல் நன்று.

அதுவரை நாமே நற்பார்வையாளராதல் வேண்டும். பதக்கத்தை மட்டுமன்றி, தவறியவர் அடுத்து என்ன செய்கின்றார் என்பதையும் நோக்குவோம். எமன்ஸ் 2008 இல் பீஜிங்கில் அதே போட்டியின் இறுதிச் சூட்டில் 4.4 பெற்று மீண்டும் தங்கத்தை இழந்தார், நான்காமிடமே கிட்டியது. 2012 இல் இலண்டனில் மீண்டும் அதே களத்தில் நின்று வெண்கலம் பெற்றார். இருமுறை கைநழுவிய இடத்துக்கு மூன்றாமுறையும் சென்று நிற்கும் நெஞ்சுரத்தை எந்த இலக்கும் அளந்து காட்டாது. எம் பிள்ளைகளுக்கு நாம் சுட்டிக்காட்ட வேண்டியது அதுவே.