பெட்டி வீட்டின் நெடி

2006 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜில், ஆள் குடியேறாத 96 இழுவை வீடுகளில் காற்றைப் பிடித்துச் சோதித்தார்கள். கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்காக அரசு வாங்கிக் குவித்தவை அவை. ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்திருந்தபோது உள்ளே ஃபார்மால்டிஹைடு வாயு சராசரியாக 1.04 பி.பி.எம். இருந்தது, அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஏ.சி.யை ஓடவிட்டுக் குளியலறைக் காற்றுத் துவாரத்தைத் திறந்துவைத்தபோது 0.39. ஜன்னல்களைத் திறந்துவிட்டபோது 0.09.

இத்தகைய கேரவன் வண்டிக்குள் விடாமல் அடிக்கும் ரசாயன நெடியை எப்படிப் போக்குவது என்று கேட்பவர்களுக்கு இந்த மூன்று எண்களிலேயே பாதிப் பதில் இருக்கிறது. லூசியானாவின் ஆகஸ்ட் புழுக்கத்தில் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்க முடியுமா என்பதில்தான் மீதிச் சிக்கல்.

கேரவன் என்றால் நமக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது நடுத்தரக் குடும்பங்களும் வைத்திருக்கும் விடுமுறை வாகனம். ஆர்.வி. என்பார்கள். தானே ஓடுவது ஒரு வகை. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போவது இன்னொரு வகை. அங்கே விற்பவற்றில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓட வேண்டும் என்பதால் எடை குறைவாக இருக்க வேண்டும். அதனால் சுவர், தரை, அலமாரி, கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டி எல்லாமே மெல்லிய பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பலகைகள். மரத்தூளையும் சில்லுகளையும் சேர்த்துப் பிடித்துவைக்கப் பெரும்பாலும் பயன்பட்டது யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை. மலிவானது, சீக்கிரம் இறுகும், நிறமும் தெரியாது. ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். பிரிந்து வருவதுதான் ஃபார்மால்டிஹைடு. பள்ளி ஆய்வகத்தில் பாம்பை மிதக்கவிட்டிருந்த கண்ணாடிப் புட்டி நினைவிருக்கிறதா? அதிலிருந்த ஃபார்மலின், இந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்ததுதான். 2018இல் கேரளச் சோதனைச் சாவடிகளில் மீனில் பிடிபட்டதும் அதுவே.

சமையல் புகையோ சிகரெட் நெடியோ துணியிலும் சுவரிலும் படிவது. துவைத்தால், துடைத்தால் பெரும்பாலும் குறைந்துவிடும். பலகையின் நெடி அப்படியல்ல. அது கிணற்று ஊற்று மாதிரி. இறைக்க இறைக்க ஊறும். ஒரு நாள் முழுக்கக் காற்றாட விட்டு, நெடி போய்விட்டது என்று பூட்டிவிட்டுப் போனவர் மறுநாள் கதவைத் திறந்ததும் கண்ணைக் கசக்குவது இதனால்தான். புதிதில் வேகமாகச் சுரந்து, மாதங்கள் போகப் போக ஊற்று தளரும். ஆனால் ஒவ்வொரு கோடையும் அதைத் தூண்டிவிடும்.

கத்ரீனா வண்டிகளின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த நெடியைப் பற்றி உலகம் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த மக்களின் நுரையீரல் வழியாகத்தான் வந்தது. 2005 ஆகஸ்ட் 29 அன்று புயல் கரையைக் கடந்தது. ஃபீமா எனப்படும் அவசரகால நிர்வாக அமைப்பு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை வாங்கி அனுப்பியது. வார விடுமுறைக்கென்று செய்த சுமார் 240 சதுர அடிப் பெட்டிக்குள் குடும்பங்கள் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் வாழ்ந்தன. கண் எரிச்சல், இருமல், மூக்கில் ரத்தம் என்று புகார்கள் வந்தன. 2006இல் சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 32 வண்டிகளைச் சோதித்ததில் 30 வண்டிகள் 0.1 பி.பி.எம்.மைத் தாண்டின. சோதனை செய்தால் பொறுப்பும் நம் தலையில் விழும் என்று ஃபீமாவின் வழக்கறிஞர்கள் உள்ளுக்குள் எச்சரித்து எழுதிய மின்னஞ்சல்கள், 2007 ஜூலையில் ஹென்றி வாக்ஸ்மன் தலைமையிலான நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் வெளியாயின.

நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 519 வண்டிகளைச் சோதித்தது 2007 டிசம்பர் கடைசியிலும் 2008 ஜனவரியிலும். புயல் போய் இரண்டு ஆண்டுக்கும் மேலாகிவிட்டது, குளிர்காலம் வேறு. அப்படியும் சராசரி 0.077, உச்சம் 0.59. சாதாரண அமெரிக்க வீட்டில் 0.01 முதல் 0.02 வரைதான் இருக்கும் என்பது அவர்கள் சொன்ன ஒப்பீடு. வெயில் ஏறுவதற்குள் ஆட்களை வெளியேற்றுங்கள் என்றது சி.டி.சி. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை இந்த வாயுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது 2004இலேயே. அதாவது புயலுக்கு ஓராண்டு முன்பே. வண்டிகளில் குடியிருந்தவர்கள் தொடுத்த வழக்கு 2012இல் 4 கோடியே 26 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் கண்டது. நான்கு வண்டிகளின் உள்பாகங்களை வெட்டியெடுத்துத் தனித்தனியாகச் சோதித்தபோது, ஏறக்குறைய எல்லாப் பலகைகளும் அன்றைய அரசு வரம்புக்குள்தான் இருந்தன. குற்றவாளி என்று ஒரு பலகையைக் காட்ட முடியவில்லை. சின்ன இடம், சுற்றிலும் பலகை, வெளிக்காற்று வரத்துக் குறைவு; மூன்றும் சேர்ந்ததுதான் வினை. பெரிய கூடத்தில் ஓர் ஓரமாக நிற்கும் அலமாரி செய்யாததை, அலமாரிக்குள்ளேயே குடியிருப்பவனுக்கு அது செய்துவிடும்.

ஆகவே செய்ய வேண்டியதும் மூன்று திசையில்தான் இருக்கிறது: காற்றை மாற்றுவது, ஊற்றைத் தணிப்பது, ஊற்றை மூடுவது.

காற்றை மாற்ற ஒரு ஜன்னல் போதாது. எதிரெதிரே இரண்டைத் திறந்து, கூரையில் உள்ள வெளியேற்று விசிறியைப் போட வேண்டும். அலமாரிக் கதவு, இழுப்பறை, மெத்தைக்குக் கீழே உள்ள பெட்டி எல்லாம் திறந்திருக்க வேண்டும். நெடி அடைந்துகிடப்பது அங்கேதான். ஏ.சி. பெரும்பாலும் உள்காற்றையே சுற்றிவிடுகிறது. குளிரும் வறட்சியும் தருவதால் ஊற்றைத் தணிக்கிறது, ஆனால் வெளியேற்றுவது குறைவு. ஜன்னலைத் திறந்தால் 0.09, ஏ.சி. போட்டால் 0.39 என்ற வித்தியாசத்தின் காரணம் அதுதான். புழுக்கமான ஊரில் ஏ.சி.யும் வேண்டும், சிறிது வெளிக்காற்றும் வேண்டும். ஈரப்பதம் குறைக்கும் கருவி வைப்பவர்கள் காரியத்தைச் சரியாகவே புரிந்துகொண்டவர்கள்.

வெயிலையே கூலியாளாக்கும் முறை ஒன்றும் உண்டு. வண்டியை மூடிச் சூடேற்றி, வாயுவை வேண்டுமென்றே சுரக்கவைத்து, பிறகு எல்லாவற்றையும் திறந்து வெளியேற்றுவது. இதையே பலமுறை செய்வது. பலன் ஒரே மாதிரி இருப்பதில்லை. மெத்தை, திரைச்சீலைகளை முதலில் வெளியே எடுக்காவிட்டால் சுரந்ததில் ஒரு பங்கை அவை குடித்துவைத்துக்கொண்டு பின்னர் மெதுவாகத் திருப்பித் தரும். சூடு மிஞ்சினால் பலகை நெளியும், ஒட்டுகள் பிரியும். அந்த நேரத்தில் உள்ளே ஆளும் இருக்கக் கூடாது, நாயும் இருக்கக் கூடாது.

பலரும் தவறவிடுவது மூன்றாவது வழியை. பார்ட்டிகிள் போர்டின் மேற்பரப்பில் மினுமினுக்கும் தகடு ஒட்டியிருக்கும். அலமாரியின் பின்முகம், மேசையின் அடிப்பக்கம், குழாய்க்காக வெட்டிய ஓட்டையின் விளிம்பு ஆகியவை பச்சையாகவே விடப்பட்டிருக்கும். வாயு தாராளமாகக் கசிவது அந்த வழியாகத்தான். அங்கெல்லாம் அரக்கு மெருகோ, இதற்கென்றே விற்கும் அடைப்புப் பூச்சோ இரண்டு கை அடித்தால் கசிவு நன்றாகக் குறையும். பூச்சுக்கே ஒரு நெடி உண்டு. அது ஆறும்வரை ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

செய்யக் கூடாதவற்றில் முதலிடம் ஓசோன் கருவிக்கு. பழைய வண்டி விற்பவர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். மனிதருக்குத் தீங்கில்லாத அளவில் ஓசோன் காற்று மாசை அகற்றுவதில்லை என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடு. தீங்கான அளவில் விட்டாலோ ஜன்னலைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்துவிடும். எலுமிச்சை வாசனைத் திரவியத்தோடு ஓசோன் சேர்ந்தால் புதிதாக ஃபார்மால்டிஹைடே பிறக்கும். காசு கொடுத்துக் கிணறு தோண்டிக்கொள்வது என்பது இதுதான். சமையல் சோடா, காப்பித்தூள் கிண்ணங்கள் ஊற்றின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. சாதாரணக் கரி வடிகட்டி பெயின்ட், பசையிலிருந்து வரும் டொலுயீனைப் பிடிக்கும்; ஃபார்மால்டிஹைடு நழுவிவிடும். அதற்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏற்றிய வடிகட்டி மேல். செடிகள்? அவை காற்றைச் சுத்தமாக்கும் என்று 1989இல் வந்த நாசா ஆய்வு மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. வண்டியில் அந்தப் பலன் கிடைக்க வேண்டுமானால் செடிகளை வைத்துவிட்டு நாம் வெளியே படுக்க வேண்டியிருக்கும்.

எல்லா நெடியும் பலகையிலிருந்து வருவதல்ல. அழுகிய முட்டைக்கோஸ் போல அடித்தால் அது சமையல் எரிவாயுவில் எச்சரிக்கைக்காகக் கலந்த எத்தில் மெர்காப்டனாக இருக்கலாம். அதைப் போக்க வழி தேடக் கூடாது. எல்லாரும் வெளியேறி, வெளியே உள்ள உருளையின் வால்வை மூட வேண்டும். முட்டை நாற்றம் என்றால் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிய பேட்டரியையும் சந்தேகிக்கலாம். பல மாதம் நிறுத்திவைத்த வண்டியில் கழுவுதொட்டிக் குழாய் வளைவில் தண்ணீர் காய்ந்து, கழிவுத் தொட்டியின் காற்று மேலே வரும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. எலிக்குப் பயந்து யாரோ போட்ட அந்துருண்டை இடுக்கில் கிடந்தால் தேடி எடுத்தே ஆக வேண்டும். கழிவுத் தொட்டி நாற்றத்துக்கென்று ஊற்றும் திரவங்கள் சிலவற்றிலும் ஃபார்மால்டிஹைடு உண்டு. புட்டியின் சீட்டைப் படிப்பது நல்லது.

கத்ரீனாவின் விளைவாக 2010இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. அதன் விதிகள் 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்தன. சோதனைக் கூண்டில் பிளைவுட் 0.05, பார்ட்டிகிள் போர்டு 0.09, எம்.டி.எஃப். 0.11 பி.பி.எம்.முக்கு மேல் சுரக்கக் கூடாது. மற்ற புது வாகனங்களுக்கு விலக்கு தந்த சட்டம், ஆர்.வி.க்கு மட்டும் தரவில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பழைய வண்டிகள் அழிக்கப்படவில்லை. குடியிருக்கத் தகுந்ததல்ல என்று சீட்டு ஒட்டி அரசே ஏலம் விட்டது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கொட்டியபோது, துப்புரவுக்கு வந்த தொழிலாளர்கள் அவற்றில் தங்கியிருந்ததை நாளிதழ்கள் கண்டுபிடித்தன. பல வண்டிகளில் சீட்டைக் காணவில்லை. இரண்டாம் கை வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதல் நாளே பூட்டிவைக்கச் சொல்லி, மறுநாள் வெயில் உச்சியில் இருக்கும்போது போங்கள். நீங்களே கதவைத் திறவுங்கள். முதல் நிமிடத்தில் கண்ணும் தொண்டையும் சொல்வதை நம்புங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்தால் மூக்கு பழகிவிடும். உள்ளே நுழைந்ததும் பூ வாசனை தூக்கலாக அடித்தால் விலை பேசுவதற்கு முன் இன்னொரு நாளும் போய்ப் பாருங்கள்.